மேனேஜரைத் தெரிந்தவர்கள்

ஜனவரி 9

என் அருமை வாலுக்கு,

நலம்தானே? சின்னவளுக்கு இருமல் விட்டதா? மாப்பிள்ளையும் சௌக்கியம்தானே? எனக்கு இடுப்பு வலி வழக்கம்போல. நாளெல்லாம் வண்டியில் உட்கார்ந்து, கற்றுக்கொள்ள வந்தவர்கள் போடும் பிரேக்குக்கெல்லாம் குலுங்கினால் இடுப்புதான் என்ன செய்யும்?

‘அக்கா காகிதத்தில் கடிதம் எழுதுகிறாளே, மூளை குழம்பிவிட்டதா’ என்று நீ கேட்பது எனக்கு இங்கே கேட்கிறது. குழம்பவில்லை. என் பெயரில் உன் போனுக்கு எது வந்தாலும் நம்பாதே. அது நான் இல்லை. யாரோ நானாகிவிட்டார்கள். என் படம், என் பெயர், என் டிரைவிங் ஸ்கூல், என் பழைய எண் எல்லாம் அவர்கள் கையில். புது எண்ணிலிருந்து உன்னைக் கூப்பிட்டுப் பார்த்தேன், நீ எடுக்கவில்லை. மிச்சமிருப்பது என் கையெழுத்துதான். இந்தக் கோழிக் கிறுக்கலை எந்தத் திருடனும் கற்றுக்கொள்ள மாட்டான்.

போன வாரம் என் பழைய மாணவி ஒருவர், ரொட்டிக்கடை வைத்திருக்கும் அம்மா, பயிற்சி மைதானத்துக்கே வந்துவிட்டார். பத்துப் பேர் முன்னால் என் வண்டியை மறித்துக்கொண்டு, “டீச்சர், நான் அனுப்புன பணம் என்னாச்சு? புது வண்டி வாங்கறேன், பங்கு தர்றேன்னு சொன்னீங்களே” என்றார். அடுப்பு மாற்ற வைத்திருந்த பணமாம். அவர் போனை நீட்டினார். நான் வண்டியில் சாய்ந்து சிரிக்கும் படம். அதன் கீழே, நான் எல்லோரையும் கூப்பிடுவது போலவே, ‘கண்ணுகளா’ என்று ஆரம்பித்து ஒரு கோரிக்கை.

“அது நான் இல்லம்மா” என்றேன்.

“மூஞ்சி உங்களோடதுதானே?”

“மூஞ்சி என்னோடது. வாய் வேற யாரோடதோ.”

அவர் நம்பவில்லை. அவர் இடத்தில் நானிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

போன் பழுது பார்க்கும் பையன்தான் கண்டுபிடித்தான். என் மின்னஞ்சலுக்குள் யாரும் உடைத்துக்கொண்டு போகவில்லையாம், கதவைத் தட்டி உள்ளே போயிருக்கிறார்கள். ‘கடவுச்சொல் மறந்துவிட்டது’ என்று சொன்னால் ஒரு கேள்வி கேட்குமே, ‘நீங்கள் முதன்முதலில் வளர்த்த பிராணியின் பெயர் என்ன?’ என்று, அதற்குச் சரியான பதிலை எழுதியிருக்கிறார்கள். உள்ளே என் அடையாள அட்டை, கையொப்பம், மாணவிகள் எண்கள் எல்லாம் இருந்தன; அவற்றைக் காட்டி என் எண்ணுக்கே வேறு சிம் வாங்கிவிட்டார்கள்.

வாலு, அந்தக் கணக்கை எனக்குத் திறந்து கொடுத்தது நீதான். அந்தக் கேள்வி வந்ததும் நாம் இருவரும் ஒரே குரலில் ‘மேனேஜர்’ என்று கத்திவிட்டு விழுந்து விழுந்து சிரித்தோம். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வாசலில் உலாத்தும் கோழிக்கு அந்தப் பெயர் வைத்தது நம் வீட்டில் மட்டும்தான். அப்பாவும் அம்மாவும் போய்விட்டார்கள். நம் இருவரைத் தவிர மேனேஜரை யாருக்குத் தெரியும்? கொஞ்சம் யோசித்து எழுது.

மூவரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உன் அக்கா (அசல்)


ஜனவரி 24

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே மூவரும் நலம். உன் இடுப்புக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு, சொன்னால் கேட்கவா போகிறாய். சின்னவளுக்கு இருமல் போய்விட்டது, இப்போது பெரியம்மா எப்போது வருவாள் என்று நச்சரிக்கிறாள்.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். எனக்கு உன் பெயரில் ஒன்றும் வரவில்லை. புது எண்ணை நான் எடுக்காததற்குக் கோபிக்காதே. தெரியாத எண் வந்தால் எடுக்கக் கூடாது என்று அவர் சொல்லியிருக்கிறார். வீட்டில் நின்று நிதானமாகப் பேசவும் முடிவதில்லை. கடிதமே நல்லது.

கண்ணாடிக்கடையில் தலைக்கு மேல் வேலை. பள்ளிக்கூடம் முழுக்கக் கண் பரிசோதனை முடிந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே சமயத்தில் லென்ஸ் தேய்க்கிறோம். அவருக்கும் நல்ல காலம். கிடங்கு வேலை போனதிலிருந்து சோர்ந்து கிடந்தார் அல்லவா, இப்போது கம்ப்யூட்டரில் ஏதோ வேலை பிடித்திருக்கிறார். வீட்டிலிருந்தே செய்கிறார். சுவர் அளவுக்கு டிவி வாங்கியிருக்கிறார்.

உன் விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நாள் ஸ்கூலை மூடிவிட்டு, பெயரை மாற்றி வேறு இடத்தில் தொடங்கச் சொல்கிறார். இதிலெல்லாம் போலீஸ் ஒன்றும் கிழிக்காது என்கிறார். எனக்கும் அதுதான் நல்லது என்று படுகிறது.

சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே, அக்கா.

உன் வாலு


பிப்ரவரி 6

என் அருமை வாலுக்கு,

உங்கள் நலம் அறிந்து சந்தோஷம். ஒத்தடம் கொடுத்தேன், இடுப்பு நன்றி சொல்லச் சொன்னது.

மாப்பிள்ளையின் யோசனைக்கும் நன்றி. ஆனால் ஸ்கூலை மூட மாட்டேன். பெயரையும் மாற்ற மாட்டேன். திருடியவன் என் பெயரோடு ஜம்மென்று திரிவான், நான் வேறு பெயர் தேட வேண்டுமா? அது எந்த ஊர் நியாயம்?

இந்த இரண்டு வாரத்தில் இன்னொன்றும் தெரிந்தது. என் பெயரில் வங்கியில் கடன் வாங்கியிருக்கிறார்கள். போய்க் கேட்டால் மேசைக்குப் பின்னாலிருந்த பிள்ளையாண்டான், “மேடம், முதல்ல நீங்கதான் நீங்கன்னு நிரூபிக்கணும்” என்கிறான்.

“இதோ என் மூஞ்சி, கழுத்துக்கு மேல பத்திரமா கொண்டு வந்திருக்கேன். பாத்துக்கப்பா.”

“கடன் வாங்குனவங்களும் இதே மூஞ்சியத்தான் மேடம் அனுப்பியிருக்காங்க.”

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் வெளியே வந்தேன். பிறகு வண்டிக்குள் உட்கார்ந்து அழுதேன். உன்னிடம் மறைப்பானேன்.

அங்கிருந்து நேராக இணையக் குற்றப் பிரிவுக்குப் போனேன். அங்கே ஒரு பெண் இன்ஸ்பெக்டர். நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: “அந்தக் கேள்விக்குப் பதில் யாருக்கெல்லாம் தெரியும்?” யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். உன்னைக் கேட்காமல் எப்படிச் சொல்வேன்?

போன கடிதத்தில் எல்லாவற்றுக்கும் பதில் எழுதினாய், மேனேஜரைப் பற்றி ஒரு வரி இல்லை. வேலை மும்முரத்தில் மறந்திருப்பாய். இப்போது எழுது.

சின்னவளின் கன்னத்தில் என் சார்பில் ஒன்று கொடு.

உன் அக்கா


மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் நலமென்று நம்புகிறேன். பதில் தாமதம், மன்னித்துக்கொள்.

போலீஸுக்கெல்லாம் ஏன் அலைகிறாய்? உன் உடம்பு தாங்காது. கொஞ்ச நாள் போனால் எல்லாம் அடங்கிவிடும்.

கோழியைப் பற்றிக் கேட்டிருந்தாய். அதெல்லாம் எனக்கு ஞாபகமில்லை அக்கா. சின்ன வயசு விஷயம்.

வேறொன்றுமில்லை.

உன் வாலு


மார்ச் 12

வாலு,

நலமா என்று இந்த முறை வழக்கத்துக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்கிறேன். நீ நலமா?

இங்கே நடப்பதைச் சொல்கிறேன். கடன் வசூல் ஆட்கள் இரண்டு பேர் மைதானத்துக்கு வந்தார்கள். புதிதாகக் கற்றுக்கொள்ள வந்த பெண் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்க, ஜன்னலில் தலையை விட்டுக் கத்தினார்கள். அவள் மறுநாளிலிருந்து வரவில்லை. அவளோடு பாதிப் பேர் வரவில்லை. சில வீட்டுக்காரர்கள், ‘அந்தப் பொம்பள சரியில்ல’ என்று மனைவிமாரை நிறுத்திவிட்டார்களாம். என் பெயரில் எவனெவனோடோ அசிங்கமான பேச்சு வேறு நடந்திருக்கிறது. அவர்களில் ஒருவன் என் வீட்டு மணியை அடித்தான். நான் ஸ்பேனரோடு கதவைத் திறந்தேன், வந்த வழியே போனான்.

அன்றைக்கே ஒரு முடிவு செய்தேன். பெயர்ப்பலகை எழுதுபவரைக் கூப்பிட்டு, என் முகத்தை வண்டியின் இரண்டு கதவிலும் பெரிதாக வரையச் சொன்னேன். கீழே, ‘இந்த முகத்துக்குச் சொந்தக்காரி இந்த வண்டிக்குள்தான் இருக்கிறாள். பணம் கேட்பவள் நானல்ல’ என்று எழுத வைத்தேன். மூக்கைக் கொஞ்சம் பெரிதாக்கிவிட்டார் மனுஷன். பரவாயில்லை, ஊரைச் சுற்றி வருகிறேன். ரொட்டிக்கடை அம்மாவின் கடை வாசலில் தினமும் கொஞ்ச நேரம் நிறுத்துகிறேன். அவர் பார்க்காதது போல மாவு பிசைகிறார். நேற்று மட்டும் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார்.

மேனேஜர் ஞாபகமில்லை என்று எழுதியிருக்கிறாய். அது செத்த அன்று பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று தரையில் புரண்டவள் நீ. புதைத்த இடத்தில் உன் ஒற்றை ரிப்பனைக் கட்டிவிட்டு வந்தவள் நீ. எனக்குத் தெரிந்த அத்தனை பேருக்கும் அந்தப் போலி எழுதியிருக்கிறது, என் சொந்தத் தங்கைக்கு மட்டும் ஒரு வரி வரவில்லை.

நான் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பிழைப்பவள். ஓட்டுபவளின் முகத்தைப் பார்க்காமலே அவள் கால் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். இனி கோழியைப் பற்றிக் கேட்க மாட்டேன்.

அக்கா


ஏப்ரல் 19

வாலு,

ஒரு மாதத்துக்கு மேலாகிவிட்டது, உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. வீட்டுக்கு எழுதியது உன் கைக்கு வந்ததோ என்னவோ. அதனால் இதைக் கண்ணாடிக்கடை முகவரிக்கு அனுப்புகிறேன். சின்னவள் நலமா? நீ சாப்பிடுகிறாயா?

யாரென்று எனக்குத் தெரியும். நீயும் எழுத வேண்டாம், நானும் எழுதவில்லை. இன்ஸ்பெக்டர் இரண்டு முறை கேட்டுவிட்டார். மாத முடிவு வரை பொறுங்கள் என்றேன். அதற்குப் பிறகு சொல்லிவிடுவேன்.

நான் பொறுத்திருப்பது உனக்காக, அந்த ஆளுக்காக இல்லை. குடும்ப மானம் என்று யாராவது என் வாயைப் பொத்த வந்தால், என் மானம் ஊர் முழுக்க ஏலம் போனபோது அந்தக் குடும்பம் எங்கே இருந்தது என்று கேட்பேன். இதில் நான் இறங்கி வர மாட்டேன், வாலு. உனக்காகவும் வர மாட்டேன். எனக்கு எவ்வளவு கோபம் இருக்கிறதோ அவ்வளவு பயமும் இருக்கிறது, உன்னை இழந்துவிடுவேனோ என்று. இருந்தாலும் வர மாட்டேன்.

சாப்பாட்டுத் தட்டின் முன்னால் சின்ன வயதுக் கோழிக் கதையைச் சொல்லிச் சிரிப்பது ஒரு குற்றமா? கட்டினவனிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வாய்? நீ சிரித்தாய், எதிரில் உட்கார்ந்திருந்தவன் குறித்துக்கொண்டான். இரண்டும் ஒன்றில்லை. இதை உன் மனதில் போட்டு வை.

அக்கா


ஏப்ரல் 28

அக்கா,

மேனேஜர் கறுப்பு. கழுத்தில் மட்டும் செம்பட்டை. வலது காலில் ஒரு நகம் கிடையாது. அம்மா கூப்பிட்டால் வராது, நான் கூப்பிட்டால் வரும். ரிப்பன் பச்சை நிறம்.

எல்லாம் ஞாபகம் இருக்கிறது.

இனி கடைக்கே எழுது.

வாலு


மே 5

என் அருமை வாலுக்கு,

உன் கடிதத்தை வண்டிக்குள் உட்கார்ந்து படித்தேன். பின்னால் பஸ்காரன் ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தான், அடித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். எனக்கு இது போதும். என் தங்கை என்னிடம் திரும்பி வந்துவிட்டாள்.

வருகிற மாதம் மூன்றாம் தேதி இன்ஸ்பெக்டரைப் பார்க்க நேரம் வாங்கியிருக்கிறேன். போன மாத முடிவிலேயே போவதாகத்தான் இருந்தேன், உன் கடிதம் வந்ததால் தள்ளி வைத்தேன். இனித் தள்ள மாட்டேன். அன்று என்ன சொல்வேன் என்று உனக்குத் தெரியும். அதற்குள் நீயும் பிள்ளையும் எங்கே இருக்க வேண்டுமோ அங்கே இருந்துகொள். முன்னறையைக் காலி செய்து பெருக்கி வைத்திருக்கிறேன். கட்டிலில் ஸ்பிரிங் ஒன்று குத்தும், அதைச் சின்னவளுக்கு விட்டுக்கொடுக்காதே.

நான் சொன்னேன் என்று எதையும் செய்யாதே. இத்தனை நாள் அவன் சொன்னான் என்று செய்தாய், அதற்குப் பதில் அக்கா சொன்னாள் என்று செய்தால் என்ன வித்தியாசம்? உனக்குத் தோன்றினால் செய்.

இங்கே ஒரு செய்தி. ரொட்டிக்கடை அம்மா நேற்று வெளியே வந்து, வண்டிக் கதவில் இருந்த என் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “மூக்கு உங்களுது இவ்வளவு பெருசு இல்ல டீச்சர்” என்றார். பாதி நம்பிவிட்டார் என்று வைத்துக்கொள்கிறேன்.

பத்திரமாக இரு. இதை வெறும் வார்த்தைக்குச் சொல்லவில்லை.

உன் அக்கா


மே 30

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் சின்னவளும் நலம். கண்ணாடிக்கடைக்கு மேலே சரக்கு வைக்கும் அறையில் இருக்கிறோம். முதலாளியம்மா சாவியைக் கொடுத்துவிட்டு, எதுவும் கேட்காமல் ஒரு பாயும் தலையணையும் அனுப்பினார்.

நீ மூன்றாம் தேதி போக வேண்டாம். நான் போய்விட்டு வந்துவிட்டேன்.

அவரிடம் இரண்டாவது போன் ஒன்று உண்டு. டிவிக்குப் பின்னால் இருக்கும். மார்ச் மாதத்தில் தூசி தட்டும்போது கையில் கிடைத்தது. திரையில் நீ சிரித்துக்கொண்டிருந்தாய். யாரோ ஒருவன் உன்னை என்னவெல்லாமோ கேட்டிருந்தான், நீ என்னவெல்லாமோ பதில் சொல்லியிருந்தாய். என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து என் அக்காவாகப் பேசியிருக்கிறான் மனுஷன். அதை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுச் சமைக்கப் போனேன். அன்றிலிருந்து அந்த டிவி முன்னால் உட்கார முடியவில்லை. உனக்கு நாலு வரிக்கு மேல் எழுதவும் முடியவில்லை.

போன வெள்ளிக்கிழமை வேலைக்குக் கிளம்பும்போது அதை எடுத்து, லென்ஸ் துடைக்கும் துணியில் சுற்றிப் பையில் வைத்தேன். அவர் பார்த்துவிட்டார்.

“எங்க எடுத்துட்டுப் போற?”

“அக்காகிட்ட.”

“பைத்தியமா உனக்கு? நான் உள்ள போனா வாடகை யார் தருவா? யாருக்காக செஞ்சேன், உங்களுக்காகத்தானே!”

“எங்களுக்காகன்னா உங்க மூஞ்சிய வெச்சு செஞ்சிருக்கணும். எங்கக்கா மூஞ்சி எதுக்கு?”

கையைப் பிடித்தார். சின்னவள் கதவை அகலமாகத் திறந்து வைத்துக்கொண்டு, “அம்மா, சம்மர் கிளாஸுக்கு நேரமாச்சு” என்று படிக்கட்டே அதிரக் கத்தினாள். அதைக் கேட்டு எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். இவர் என் கையை விட்டுவிட்டார். அவ்வளவுதான் அக்கா. பெரிதாக ஏதோ நடக்கும் என்று இத்தனை மாதம் நடுங்கினேன், ஒரு படிக்கட்டை இறங்கியதோடு முடிந்துவிட்டது.

அவளைச் சம்மர் கிளாஸில் விட்டுவிட்டு இங்கிருக்கும் போலீஸ் நிலையத்துக்குப் போய் அந்தப் போனைக் கொடுத்தேன். உன் இன்ஸ்பெக்டரிடம் போனிலேயே பேச வைத்தார்கள். “உங்களுக்கு அவங்க யாரு?” என்று கேட்டார். “அது எங்கக்கா. திருடுனது எங்க வீட்டுக்காரர்” என்றேன். இரண்டு வாக்கியம். அதைச் சொல்வதற்குத்தான் எனக்கு இவ்வளவு நாள் ஆனது.

அவர் வீட்டு மனிதர்கள் கூடி வந்து, கட்டினவனைப் பிடித்துக் கொடுத்தவள் என்று கடை வாசலில் நின்று தூற்றிவிட்டுப் போனார்கள். தூற்றட்டும். நான் உள்ளே ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைக்கு லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கீறல் விழவில்லை.

உன் இடுப்பைப் பார்த்துக்கொள்.

உன் வாலு


ஜூன் 14

என் அருமை வாலுக்கு,

நான் நலம். இந்த வருஷத்தில் முதல் முறையாகப் பொய்யில்லாமல் எழுதுகிறேன்.

இன்ஸ்பெக்டர் கூப்பிட்டு எல்லாம் சொன்னார். மின்னஞ்சல் திரும்ப வந்துவிட்டது. உடனே எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதே. வங்கி இன்னும் ‘விசாரித்து வருகிறோம்’ என்ற பாட்டைத்தான் பாடுகிறது. போன மாணவிகளில் பாதிப் பேர் வரவில்லை. என் படத்தை யார் யார் எங்கெங்கே வைத்திருக்கிறார்களோ, அதைத் திரும்ப வாங்க எந்த அலுவலகமும் இல்லை. ஆனால் நான் கோர்ட்டுக்குப் போவேன், வங்கிக்குப் போவேன், கதவில் மூக்குப் பெரிதான முகத்தோடு ஊரெல்லாம் போவேன். நானாக இருப்பதை நான் விடுவதாக இல்லை.

ரொட்டிக்கடை அம்மாவிடம் நேரில் போய், செய்தது என் தங்கை வீட்டுக்காரன் என்று சொன்னேன். மறைத்திருக்கலாம், மனம் வரவில்லை. கையில் ஒட்டியிருந்த மாவைத் தட்டிவிட்டார். பிறகு, “பிடிச்சுக் குடுத்தது யாரு?” என்றார். “என் தங்கச்சி” என்றேன். “அப்ப அவ வந்தா இங்க கூட்டிட்டு வாங்க. அவள ஒரு தடவ பாக்கணும்” என்றார். கோபம் முழுக்கப் போகவில்லை. போக வேண்டும் என்று நானும் கேட்கவில்லை.

போன் பழுது பார்க்கும் பையன் புதுக் கணக்குக்குப் புதுக் கேள்வி வைக்கச் சொன்னான். “யாருக்கும் தெரியாத பதிலா வைங்க டீச்சர். பழைய பேரை இனி மறந்துடுங்க” என்றான். புதிதாக ஒன்று வைத்திருக்கிறேன், உனக்கும் சொல்ல மாட்டேன், கேட்காதே. ஆனால் மேனேஜரை ஏன் மறக்க வேண்டும்? பெயர்ப்பலகைக்காரரை மறுபடியும் கூப்பிட்டேன். வண்டியின் பின்கண்ணாடியில், தூரத்திலிருந்து வருபவனுக்கும் தெரிகிற மாதிரி, ‘மேனேஜர்’ என்று எழுத வைத்துவிட்டேன். நெஞ்சை நிமிர்த்திய கறுப்புக் கோழி ஒன்றும் பக்கத்தில் நிற்கிறது. செம்பட்டைக் கழுத்து, வலது காலில் ஒரு நகம் குறைவு. நீ எழுதியதைப் படித்துக் காட்டித்தான் வரைய வைத்தேன். இப்போது மேனேஜரை ஊருக்கே தெரியும். இனி அவளை எவனும் திருட முடியாது.

அடுத்த பள்ளி விடுமுறை விட்டதும் சின்னவளைக் கூட்டிக்கொண்டு வா. உனக்கு வண்டி ஓட்டத் தெரியாது, ‘உனக்கெதுக்கு அது’ என்று சொல்லியே ஒருவன் உன்னை உட்கார வைத்துவிட்டான். வந்த மறுநாள் காலையிலேயே மைதானத்தில் இறங்குகிறோம். பக்கத்து இருக்கையில் என் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு, யாரையும் நம்பாமல் அதன் மேலேயே காலை வைத்திருப்பேன். உன் முறை வரும்போது மட்டும் காலை எடுத்துவிடுவேன்.

இடிப்பதாக இருந்தால் இடி. முன்னால் போ.

உன் அக்கா